ஒரு சாண் திறந்து வைங்க

இல்ல தம்பி, நான் எதுவும் விக்க வரல. சாத்தாதீங்க. சரி, சங்கிலி இருக்கட்டும், இந்த இடுக்கு வழியாவே பேசறேன். தீயணைப்பு நிலையத்துப் பெண்கள் குழு, வீடு வீடாப் போய் கேஸ் ஹீட்டர் சரியா இருக்கான்னு பாக்கறவங்க. லியாவ் பீ-ஷியான்னு பேரு. கீழ கோயில் சந்துல மீன் உருண்டைக் கடை இருக்குல்ல, அதுக்கு மேல்வீடு.

ஆமா, நேத்து வந்ததும் நான்தான். முந்தாநேத்தும் நான்தான். எங்க தலைவி கூட ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போதும்னுதான் சொல்றாங்க.

ரெண்டே நிமிஷம். பால்கனிய மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். தெருவுலேர்ந்து பாத்தேன், முழுசா கண்ணாடி போட்டு அடைச்சிருக்கீங்க. குத்தம் சொல்லல. இந்தக் கீலுங் ஊர்ல வருஷத்துல பாதி நாள் மழை, துணி எங்க காயும்? எல்லாரும்தான் அடைக்கறாங்க. ஆனா வெந்நீர் போடற கேஸ் ஹீட்டர் அங்கதானே மாட்டியிருக்கு? அது வெளிக்காத்துல எரியறதுக்குன்னு செஞ்சது தம்பி. அடைச்ச இடத்துல எரிஞ்சா விஷக்காத்து வீட்டுக்குள்ளயே திரும்புது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

ஹீட்டர இடம் மாத்த வீட்டுக்காரர் விட மாட்டாரா? அவர்கிட்ட நான் பேசறேன். அரசாங்கம் உதவி செய்யுது, ஃபாரம் கையோட கொண்டு வந்திருக்கேன். அதெல்லாம் அப்புறம். இன்னிக்குக் குளிர் எட்டு டிகிரிக்கு எறங்கும்ங்கறாங்க. எல்லா வீட்லயும் ஜன்னல இறுக்கிச் சாத்திட்டுத்தான் குளிப்பாங்க. நீங்க ஒரு சாண் திறந்து வைங்க. ஒரு சாண் போதும்.

குழந்தைக்குச் சளி பிடிக்குமா? பிடிக்கும், இல்லேங்கல. சளிக்கு மருந்து இருக்கு.

இருங்க. அது என்ன சத்தம்? பொப்புன்னு பத்திக்கிச்சே. ஹீட்டர்தானே? யார் குளிக்கறா? உங்க சம்சாரமா? குழந்தையுமா? எப்ப உள்ள போனாங்க? அப்ப அரை மணி நேரமா உள்ளதான் இருக்காங்களா?

சங்கிலிய எடுங்க தம்பி. கையெடுத்துக் கும்பிடறேன். உங்க கால்ல விழணும்னாலும் விழறேன், எடுங்க.

செருப்போட வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. நீங்க குளியலறைக் கதவத் தட்டுங்க, தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. நான் ஜன்னலப் பாக்கறேன். எங்க, நகரவே மாட்டேங்குதே. டேப் வேற ஒட்டியிருக்கீங்க. பிச்சிடறேன். துணி நனைஞ்சா நனையட்டும். பதில் சொல்றாங்களா? சத்தமாத் தட்டுங்க. சொல்றாங்களா?

சொல்றாங்க. சரி. சரி. துண்டோட அப்படியே வெளிய வரச் சொல்லுங்க. குழந்தைய என் கையில குடுங்க. அழறான், அழட்டும், நல்லா அழட்டும். எல்லாரும் படிக்கட்டுக்கு வாங்க, வாசக்கதவு திறந்தே கெடக்கட்டும்.

உக்காருங்கம்மா. என் கோட்டப் போத்திக்குங்க. தலை வலிக்குதா? இந்த வாரம் முழுக்கவா? குளிச்சா வருது, கடைகண்ணிக்குப் போனா சரியாயிடுது, அப்படித்தானே? சளின்னு நெனச்சீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நிலையத்துக்குப் போன் பண்ணிட்டேன், ஆம்புலன்ஸ் வருது. மலைத்தெரு, கொஞ்ச நேரம் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், இப்ப சரியாயிடுச்சுன்னு வீட்ல இருந்துடாதீங்க. தம்பி, நீங்களும்தான்.

வண்டி வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க.

மூணு நாளா ஏன் வந்தேன்னா... போன வருஷம் ஜனவரில, பின்பக்கத் தெருவுல ஷி லான்-யிங்னு ஒருத்தங்க இருந்தாங்க. துறைமுகத்துல மீன் தரம் பிரிக்கற வேலை. புருஷன் சரக்குக் கப்பல்ல. ஒரே பொண்ணு, யூ-ரோங், பத்தொன்பது வயசு, நர்ஸுக்குப் படிச்சிட்டிருந்தா. நான் ஹீட்டர் பாக்க வேண்டிய லிஸ்ட்ல இருந்த வீடு அது. போனேன். லான்-யிங் ஈரக் கையோட வந்து கதவத் திறந்தாங்க. சிரிச்சுக்கிட்டே, அக்கா, கை வேலையா இருக்கேன், நாளைக்கு வாங்கன்னாங்க. எனக்கும் முட்டி வலி, மழை வேற. சரின்னு படி எறங்கிட்டேன். பாக்காம வந்தேன்னு தலைவி திட்டுவாங்கல்ல, அதனால ஃபாரத்துல வீட்டில் யாரும் இல்லைன்னு எழுதிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலமே. அம்மா குளியலறையில. பொண்ணு தட்டித் தட்டிப் பாத்துட்டு, கதவ உடைச்சு, அங்கயே விழுந்திருக்கா. தண்ணி நிக்காம ஓடற சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்தான் ஆளக் கூப்பிட்டார். மறுநாள் அவங்க சொன்னபடியே போனேன். படி பூரா ஜனம்.

லான்-யிங் போயிட்டாங்க. பொண்ணு பொழச்சா. மூணு வாரம் நல்லாத்தான் பேசினா, நடந்தா. அப்புறம் ஒவ்வொண்ணா மறந்துச்சு. மொதல்ல கிழமை, அப்புறம் செருப்பு எந்தக் கால்னு, அப்புறம் கரண்டிய எப்படிப் பிடிக்கறதுன்னு. சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னார். அழாதீங்கம்மா, எல்லாருக்கும் ஆகாது. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு உயிர வாங்கறேன்.

மணி என்ன தம்பி? நாலே முக்காலா? ஆம்புலன்ஸ் வந்ததும் நான் ஓடணும், அஞ்சு மணிக்குக் கஞ்சி ஊட்டணும். யூ-ரோங்குக்குத்தான். என் வீட்டுலதான் இருக்கா. சொந்தமெல்லாம் இல்ல. அவ அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுல தலையில கைய வெச்சு உக்காந்திருந்தார். கப்பல விட்டா சோத்துக்கு வழியில்ல, பொண்ண யார்கிட்ட விடறது? என் பையன் தைச்சுங்ல குடும்பமா இருக்கான், வீடு சும்மாதான் கெடந்துது. நான் பாத்துக்கறேன்னேன். நான் வெளிய வந்தா மீன் உருண்டைக் கடைக்காரம்மா அவகூட இருப்பாங்க.

புண்ணியமா? அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. அவரும் ஒவ்வொரு துறைமுகத்துலேர்ந்தும் போன் பண்ணி அதத்தான் சொல்றார், அக்கா, உங்கள மறக்க மாட்டேன்னு அழறார். நான் அன்னிக்கு அந்த வாசல்ல நின்னுட்டு வந்தது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஃபாரத்துல யாரும் இல்லைன்னுதானே இருக்கு. உங்க ரெண்டு பேருகிட்டதான் இப்ப வாய் திறந்திருக்கேன்.

சனிக்கிழமை அவர் கப்பல் கரைக்கு வருது. சொல்லத்தான் போறேன். சொன்னா, அவளக் கூட்டிட்டுப் போயிடுவார். போகட்டும்னு எத்தனையோ தடவ மனசக் கல்லாக்கிப் பாத்துட்டேன்.

அதோ, வண்டி வந்துடுச்சு. இந்தாங்க குழந்தை, தலைய மூடிக்குங்க, வெளிய மழை. கோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்மா, அப்புறம் வாங்கிக்கறேன். போன மாசத்துலேர்ந்து யூ-ரோங் என்னை அம்மான்னு கூப்பிடறா தம்பி. நானும் என்னம்மான்னு பதில் குடுத்துடறேன்.