எருதுகள் இழுத்து வந்த நீதிமன்றம்

கிட்ட வந்து உட்காருங்கள். இது என் கூட்டாளி டெல்பர்ட்டின் அத்தைக்கு நடந்தது.

டிசம்பர் மாதம், சாயங்காலம் ஆறு மணி. அதற்குள் கும்மிருட்டு. லைல்ஸ்போர்டிலிருந்து நம் வேரிங்குக்கு வரும் மண்சாலையில் ஒர்பா அத்தை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட கோதுமைக் காடு... ஒரு வீடு கிடையாது.

நம் வேரிங் எப்படி இந்தக் கவுண்டிக்கு, அதாவது இந்த மாவட்டத்துக்கு, தலைமையூர் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நீதிமன்றம் லைல்ஸ்போர்டில்தான் இருந்தது. மரக் கட்டடம். ஒரு பனிக்கால ராத்திரி நம் பாட்டன்மார் அதை அடியோடு பெயர்த்து, சறுக்குக் கட்டைகளில் ஏற்றி, எருதுகளைப் பூட்டி இழுத்து வந்துவிட்டார்கள். நீதிமன்றம் இருக்கும் ஊர்தானே தலைமையூர்! ஆனால் பின்கட்டில் சிறை இருந்தது. அதற்குள் விசாரணைக்குக் காத்திருந்தான் ஒருவன். அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. இங்கே வந்து திறந்தபோது... குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தான்.

பள்ளத்தில் இறங்கியதும் ஒர்பாவின் வண்டி நின்றுபோனது. சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை.

அப்புறம் சத்தம் வந்தது. மரம் முனகுகிற சத்தம்... மாடுகள் மூச்சிரைக்கிற சத்தம். ஈரத் தோலும் சாணமும் கலந்த வாடை, கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே வந்தது. சாலையின் குறுக்கே, விளக்கில்லாமல், ஒரு கட்டடம் மெதுவாக நகர்ந்து போனது.

கடைசியில் ஒரு கம்பிச் சன்னல். கம்பியைப் பிடித்த பத்து விரல்கள்.

"அம்மா... ஊர் வந்துருச்சுங்களா?"

சின்ன வயசுக் குரல். பல் கிட்டித்து நடுங்கியது. ஒர்பாவுக்குப் பயத்தைவிடப் பாவமாகத்தான் இருந்ததாம்.

"வந்துருச்சுப்பா," என்று சொல்லிவிட்டாள். "இந்தா, வந்தே போச்சு."

விரல்கள் கம்பியை விட்டன. வண்டி தானாகக் கிளம்பியது.

அவள் புருஷன் ஹாலிஸ், நம் நீதிமன்றத்துச் சிறைக் காவலர். வீட்டுக்கு வந்து அழுதபடி அவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பனியில தூங்கிட்டே ஓட்டியிருக்க. நல்லவேளை, ஆளு முழுசா வந்து சேர்ந்தியே!"

மறுநாள் ராத்திரி சிறையிலிருந்து ஹாலிஸ் போன் செய்தார். சிரிப்பு இல்லை.

"ஒர்பா... நடு அறையில யாரோ இருக்காங்க."

"யாரைப் புடிச்சிட்டு வந்தீங்க?"

"யாரையும் புடிக்கல. பூட்டு போட்டபடியே இருக்கு. எட்டிப் பாத்தா ஆளில்ல. ஆனா உள்ளருந்து கேக்குறான்... 'வந்துருச்சுன்னு சொன்ன அம்மா எங்க'ன்னு."

ஒர்பா போனை வைத்தாள். அடுப்பை மூட்டி, பீன்ஸும் சோளரொட்டியும் சுடச்சுடத் தட்டில் வைத்து, ஒரு கரண்டியும் போட்டு, மூடி எடுத்துக்கொண்டு போனாள். கதவின் கீழ்ச்சந்து வழியாக உள்ளே தள்ளினாள். "என்னை மன்னிச்சிருப்பா," என்றாள்.

விடிந்ததும் தட்டு வெளியே இருந்தது. துடைத்த மாதிரி காலி.

அவள் சாகும்வரை தினமும் கொண்டுபோனாள். இப்போது டெல்பர்ட் கொண்டுபோகிறான். ஏன் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்பதில்லை. போன ஜூலையில், வெயில் மண்டையைப் பிளந்த நாளில், ஒரு தடவை நானும் கூடப் போனேன். டெல்பர்ட் காலித் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தான்...

கரண்டி மேல் பனி உறைந்திருந்தது.