மாட்டுக்கொட்டகைச் சுவர்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் சென்ற பேருந்தில் என் முன்னிருக்கையில் தொல்லியல் மாணவி ஒருத்தியும் அவளுடைய அத்தையும் அமர்ந்திருந்தனர். பிற்பகல் வெயிலில் முந்திரித் தோப்புகள் மிதந்து பின்னே சென்றன.

“பாரசீகத்துல ஒரு பழைய ஊரு அத்தை. யாரு உண்டாக்குனதுன்னே உறுதியாத் தெரியல. ஒரு ராசா பேரு போட்ட செங்கல்லு கெடைச்சிருக்கு.”

“அப்ப அந்த ராசாதானேடி கட்டிருப்பாரு?”

“பின்னாடி வந்தவங்க வேற எங்கேருந்தாவது பேத்துக் கொண்டாந்து வச்சிருந்தா?”

பேருந்து உடையார்பாளையத்தைக் கடந்தபோது அத்தை கேட்டாள்.

“ஏண்டி, நம்ம மாட்டுக்கொட்டா செவுரப் பத்தி என்னமோ எழுதுனியே?”

“ஆமா. அது சோழர் காலத்துச் செங்கல்லு, அதனால அங்க அரண்மனை இருந்துச்சுன்னு. நாளைக்குக் காலேஜில குடுக்கணும்.”

“அந்தக் கல்லெல்லாம் ஒங்க மாமா பக்கத்தூரு மேட்டுல தோண்டி, வண்டியில ஏத்தியாந்தது.”

மாணவி பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். முதல் வரியைப் பேனாவால் மெதுவாக அடித்தாள்.

“மொதல்லயே சொல்லக்கூடாதா அத்தை?”

“நீ செவுத்தத்தான அளந்த? என்னைய எங்க கேட்ட?”

மாணவி கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“அந்தப் பாரசீக ஊருலயும் கேக்கறதுக்கு ஒரு அத்தை இருந்திருக்கணும்.”