கல்லு எந்தப் பக்கம் திரும்பினது?

— அந்தக் கல்லில கால வைக்காதீங்க கஜந்தினி அக்கா, இன்னும் திரும்பிடும்.

— திரும்பட்டும் ரிப்கா. உம்மட ஆய்வேட்டில அது கிழக்காலதானே திரும்பியிருக்கு. என்ட பாரத்துக்கு மேற்கால வந்தா எனக்கு நல்லதுதான்.

— மாஷா அல்லாஹ். ரெண்டு வருசமா அந்த மேற்கத்தான் கட்டிப் பிடிச்சிட்டு இரிக்கீங்க.

— நான் பிடிக்கேல்லை, திசைகாட்டி காட்டுது. பழைய வரைபடத்தைப் பாரும். ஊர் முழுக்கக் கல்லுக்குள்ள ஓடுற வரி நேர வடக்கால போகுது. ஆனா நான் அளந்தா இந்தத் துறைமுகக் கரையில மட்டும் மேற்கால வளையுது. பூமிக்குள்ள நசுங்கின நசுக்கில திரும்பின கல்லு. அதுதான் என்ட கலாநிதிப் பட்டம்.

— என்ட பட்டமும் இதே கல்லுதான். ஆனாக் கிழக்கால.

— ரெண்டு பக்கமும் தலையாட்ட இது என்ன, எங்கட சோமசேகரம் சேரோ? ரெண்டு பேரின்ட ஆய்வேட்டிலயும் ‘அருமை’ எண்டு எழுதின மனுசன்.

— இப்பதான் முழிச்சிருக்காரே. ரெண்டு பேரும் ஒண்டாப் போய், ஒரே திசைகாட்டியால அளந்து, பிழையான ஆள் அந்த அத்தியாயத்தத் தூக்கி எறியட்டுமாம்.

— எனக்கு அந்த அத்தியாயம் போனா மிச்சம் நன்றியுரைதான்.

— எனக்கு அதுவும் இல்ல. நன்றி சொல்ற மாதிரி ஆரும் உதவல்ல. கருத்தரங்கில எல்லாருக்கும் முன்னால ‘ரிப்காக்குத் திசைகாட்டி பிடிக்கவே தெரியாது’ எண்டு நீங்க சொன்னதுக்கு வேணுமெண்டா நன்றி எழுதலாம்.

— உள்ளதைத்தானே சொன்னனான்.

— அண்டைக்குக் கிண்ணியாக்குப் போற பஸ்ஸில அழுதுட்டே போனன். தெரியுமா?

— தெரியாது. சரி, முதல்ல அளப்பம். அங்க பாரும், அந்த நேவிக்காரன் எங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறான். புதையல் தோண்ட வந்ததுகள் எண்டு நினைக்கிறான் போல.

— புதையல் எண்டா ஒராளுக்காவது கிடைக்கும்.

— அப்பிடியே! சீ, என்ன காத்தப்பா இது. என்ட தலைமயிர் முழுக்க வாய்க்குள்ள. உம்மட முக்காடு மட்டும் ஒரு அசைவு அசையுதில்லை. ஊசி ஒண்டையும் காணேல்லை. பசை போட்டு ஒட்டினீரோ?

— பொறாமப்படாதீங்க. அது எங்கட விஞ்ஞானம். நீங்க அளங்க, மூத்த ஆள்.

— முதல்ல அந்தச் சுத்தியலைத் தூரக் கொண்டு போய் வையும். இரும்பு கிட்ட இருந்தா முள்ளு இழுபடும். முதலாம் வருசப் பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிற முதல் பாடமே அதுதான்.

— நானும் அதத்தான் படிப்பிக்கிறன், டீச்சர். இந்தா, சுத்தியலும் போனும் அங்கால கல்லுக்குப் பின்னால வெச்சாச்சு.

— அங்கயே நிண்டு பாரும். திசைகாட்டியைக் கல்லில வைச்சாச்சு. வரியோட சேத்துப் பிடிச்சாச்சு. மேற்கு! கண் தெரியுதோ?

— கண்ணும் தெரியிது, கையும் தெரியிது. அந்தக் கையில கிடக்கிறது என்ன அக்கா?

— காப்பு.

— வெள்ளியா?

— இல்லை… இரும்பு.

— என்னத்த? காத்துல கேக்கல்ல.

— இரும்பு! இரும்பு! போதுமோ? ஏழரைச் சனி எண்டு அம்மா கோயில்ல வைச்சுப் போட்டு விட்டவ. பிள்ளை கடற்கரைக் கல்லுகளில ஏறித் திரியுது எண்டு பயம். வேலை தொடங்கின நாளே போட்டது. கழட்டினதேயில்லை.

— அல்லாவே! சனி உங்கட கைய விட்டுட்டு ஆய்வேட்டில ஏறியிரிக்கி.

— சிரியாதையும் ரிப்கா. இந்தக் கரை முழுக்க இந்தக் கையாலதான் அளந்தனான். பழைய வரைபடம் கீறின ஆக்களுக்கு அளக்கத் தெரியாது எண்டு வேற எழுதிப்போட்டன்.

— நானும் அப்பிடித்தான் எழுதினன். அதுல மட்டும் நம்ம ரெண்டு பேரும் ஒத்துமை. கழட்டிட்டு அளங்க. கிழக்கு எண்டு வந்தாச் சத்தம் போட்டுச் சிரிக்கமாட்டன், மெல்லமாத்தான் சிரிப்பன்.

— இறுகிப் போய்க் கிடக்கு. வருதில்லை.

— வெயிலுக்குப் பூசுற கிறீம் இரிக்கி, இந்தாங்க.

— ஆ… வந்திட்டுது. சுத்தியலுக்குப் பக்கத்தில கொண்டு போய் வையும். கவனம், அம்மான்ட காப்பு.

— கடலுக்க எறியமாட்டன், பயப்படாதீங்க. வெச்சிட்டன்! இப்பச் சொல்லுங்க, கிழக்குத்தானே?

— பொறும்… நேர வடக்கு.

— என்னது?

— மேற்குமில்லை, கிழக்குமில்லை. பழைய வரைபடத்தில கிடக்கிற அதே வடக்கு. கல்லு ஒரு பக்கமும் திரும்பேல்லை.

— உங்களுக்குத்தான் திசைகாட்டி பிடிக்கத் தெரியல்ல. தள்ளுங்க, நான் பாக்கிறன். இந்தா, கிழக்கு! நல்லாக் குனிஞ்சு பாருங்க.

— குனிஞ்சு நிக்கிறது நீர்தான். ஒருக்கா நிமிரும்.

— நிமிந்தா?

— முள்ளு நகருது. வரி நேர வடக்கால போகுது. இப்பக் குனியும்.

— குனிஞ்சிட்டன்.

— திரும்பவும் கிழக்கு. ரிப்கா, கழுத்தில என்ன போட்டிருக்கிறீர்?

— சங்கிலி. தங்கம். உங்களப் போல இரும்பெல்லாம் நாங்க போடுறல்ல.

— அப்ப இந்தக் காத்துக்கு, ஒரு ஊசியும் இல்லாமல், அந்த முக்காடு எப்பிடி நிக்குது?

— ஊசி குத்தினாத் துணி கிழியும் எண்டு உம்மா வாங்கித் தந்த… ரெண்டு காந்தம், அக்கா.