ஏழுக்குப் பதில் மூன்று

கம்பியூட்டர் வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி, ப்ரொசெசர் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள் என்பது. ஐ செவன் என்று ஒட்டியிருந்தால் வாயைப் பிளக்கிறார்கள். ஐ த்ரீ என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். எந்தத் தலைமுறை ஏழு, எந்தத் தலைமுறை மூன்று என்று ஒருவரும் கேட்பதில்லை. பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே கடை போட்ட நாளிலிருந்து இதை விளக்கி விளக்கியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்து விளக்குவேன். நான் வருவதைக் கண்டாலே பக்கத்துக் கடை மபாஸ், யாரும் பேசாத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

நீங்கள் கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். மடுல்சீமைக்கும் அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மருந்தகத்தில் பழைய கம்பியூட்டர் ஒன்று இருந்தது, மூன்றாம் தலைமுறை ஐ செவன். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. குன்றின் மேல் நட்ட அன்டெனாவிலிருந்து ஒரு கேபிள் நேரே அந்தக் கம்பியூட்டருக்கு வரும். பதுளையில் இருக்கும் டொக்டர் அதன் வழியாக நோயாளியைப் பார்த்து மருந்து சொல்வார். அதை மாற்றிப் புதியது வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. புதியது பன்னிரண்டாம் தலைமுறை ஐ த்ரீ. பழையதைப்போல இரண்டு மடங்கு வேகம். இதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

பெட்டியைப் பிரித்ததும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீரசிங்கம் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். "ஏழை எடுத்துகிட்டு மூணை வக்கிறீங்க. மிச்சம் நாலை எங்க தம்பி கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். கூடியிருந்த லயத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன். அதற்கும் சிரித்தார்கள். அவர் மனைவி ரெங்கம்மா மட்டும் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டி, "அவரு வாய்க்குப் பூட்டு கெடையாதுங்க தம்பி, நீங்க குடிங்க" என்றார். நான் பஸ் ஏறுவதற்குள் சின்னப் பிள்ளைகள் எனக்கு 'நாலு களவாணி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒழுங்கான மனிதன் அதைச் சிரித்து மறந்திருப்பான். நான் தூக்கம் கெட்டு, ஊருக்கே நிரூபிப்பது என்று முடிவு செய்தேன்.

அடுத்த தடவை போனபோது இரண்டு கம்பியூட்டரையும் மருந்தக மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே வேலை கொடுத்தேன். பழக்கூடைப் படம் ஒன்றைக் கட்டம் கட்டமாகத் தீட்டி முடிக்க வேண்டும். ப்ரொசெசரின் முழுப் பலத்தையும் உறிஞ்சும் சோதனை அது. வீரசிங்கத்தைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டார். புதியது கூடை நிறைய மாதுளையும் திராட்சையும் தீட்டி முடித்தது. பழையது இன்னும் பாதிக் கூடையில் முக்கிக்கொண்டிருந்தது. வெற்றி என்னுடையதுதான். ஆனால் எத்தனை மடங்கு வெற்றி என்று தெரிய வேண்டுமே. பழையது முடியட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் ரெங்கம்மாவைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கொழுந்து பறித்த இடத்தில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது, மூச்சு சீழ்க்கையடித்தது. கீழே மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது, லொறி போகாது. மருந்தகத்துக்குப் பொறுப்பானவர் லீவில் போயிருந்தார். குடும்பநலத் தாதி சிவரூபி மட்டும்தான் இருந்தார், யாழ்ப்பாணத்துப் பெண், வேலைக்குப் புதிது. ஊசி மருந்து அலுமாரியில் இருந்தது. எதை, எவ்வளவு, எங்கே குத்துவது என்று டொக்டர் சொல்ல வேண்டும். சிவரூபி ஓடிவந்து பழைய கம்பியூட்டரில் பதுளையைக் கூப்பிட்டார். கேபிளை நான் இன்னும் புதியதற்கு மாற்றியிருக்கவில்லை, அதில்தான் இருந்தது.

டொக்டரின் முகம் வந்தது. வாய் திறந்தபடியே நின்றது. குரல் ஒரு துண்டு வந்தது, பிறகு இல்லை. ப்ரொசெசர் முழுக்கப் பழக்கூடையில் இருந்தது, டொக்டருக்குக் கொடுக்க அதனிடம் மிச்சம் இல்லை.

"அண்ணா, டொக்டர் சொல்லுறது ஒண்டும் விளங்கேல்ல. ஏன் இப்பிடி விட்டு விட்டுக் கேக்குது?"

"மழைங்க மிஸ். லைன் இழுக்குது" என்றேன்.

பொய்தான். ஆனால் என் நிலையையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் சோதனை நின்றிருக்கும். கேபிளைப் பிடுங்கிப் பக்கத்தில் சும்மா இருந்த புதியதில் குத்தியிருந்தால் டொக்டர் கண்ணாடிபோலத் தெரிந்திருப்பார். ஆனால் வீரசிங்கம் அங்கேயே நின்றார். இடையில் கை வைத்தால், பழையதை நீங்கள்தானே நிறுத்தினீர்கள் என்று நாளைக்குக் கேட்பார். சோதனை என்றால் நேர்மையாக நடக்க வேண்டும். அவர் மனைவியின் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார், திரையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

"ஒருக்கா ஏதும் செய்து பாருங்கோ அண்ணா" என்று சிவரூபி கெஞ்சினார். நான் கேபிளின் முனையைத் துடைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

கூடையில் கடைசி மாம்பழம் தீட்டப்படும்போது சீழ்க்கைச் சத்தம் நின்றிருந்தது. படம் முடிந்ததும் டொக்டரின் குரல் பளிச்சென்று கேட்டது, "தொடையில போடுங்க, உடனே போடுங்க" என்று. சிவரூபி போட்டார். போட்டு என்ன.

குளவி கொட்டிச் செத்தார் என்று எழுதினார்கள். லைன் சரியில்லை என்று தோட்டம் பேசிக்கொண்டது. சிவரூபி தன்னைத்தானே நொந்துகொண்டு இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியும், குளவி பாதிதான் செய்தது. மீதியை நான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். அந்தப் பொத்தான் மேல் என் விரல் இருந்தது, அதை நான் அழுத்தவில்லை.

கருமாதிக்குப் போனேன். அன்று இரண்டு திரைகளையும் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோனேன். மூன்று எவ்வளவு, ஏழு எவ்வளவு என்று வீரசிங்கத்துக்கு நிதானமாக விளக்கினேன். தலை மழித்த அந்த மனிதர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க தம்பி. மனசுல வச்சுக்காதீங்க. அன்னைக்கி அவளுக்காக நீங்களும் எவ்வளவோ முயற்சி பண்ணீங்க" என்றார்.

மனம் லேசாகிவிட்டது. பஸ்ஸில் பசறை வரைக்கும் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் என் நேர்மையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.