மாமியார் அடக்கத்தில் அழுத அழுகை

சாந்தோமிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“அக்கா, என் மாமியார் அடக்கத்துல நான் அழுதது அவங்களுக்காக இல்ல.”

“பின்ன யாருக்கு?”

“என் பொண்ணு சாவிக்கொத்து சைஸ் குட்டி வீடியோ கேம்ல வளக்கற கோழிக்குஞ்சுக்கு. ஸ்கூலுக்குக் கொண்டுபோக விட மாட்டாங்கன்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போவா. பட்டனை அமுக்கி நான்தான் தீனி போடுவேன், தூங்க வைப்பேன். சாவு வீட்டு அலைச்சல்ல மறந்தே போச்சு. சர்ச்ல கர்சீப் எடுக்கப் பையைத் திறந்தா, ஸ்க்ரீன்ல அது செத்துக் கெடக்குது. அழுகையை நிறுத்தவே முடியலக்கா.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “உன் வீட்டுக்காரரு?”

“‘எங்கம்மா குடுத்து வெச்சவ’ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அவரும் அழுதாரு. அன்னையிலேர்ந்து அவங்கம்மா கதையெல்லாம் எங்கிட்டதான் சொல்றாரு. அவர் மூஞ்சைப் பாக்கவே கூசுது.”

“சொல்லிடாதே.”

“எப்படிக்கா சொல்லுவேன்?”

பஸ் லஸ்ஸைத் தாண்டியது. பிறகு மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்: “குஞ்சுக்குப் பேர் வெச்சிருந்தியா?”

“ம்” என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன பேர் என்று இறங்கும்வரை சொல்லவில்லை.