உறைமோர் இல்லாத வீடு

உறைமோரா? நல்ல வீடு பாத்து வந்தீங்கம்மா. இந்தத் தெருவுல வேற எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் ஒரு கரண்டி கெடச்சிருக்கும். இங்க மோரும் இல்ல, தயிரும் இல்ல, நெய்யும் இல்ல. காலையில நான் குடிச்சது சுக்குத் தண்ணி. ஆயுசு பூரா வகுப்புல கத்தின தொண்டைக்கு ஒரு வாய் காப்பி கிடையாதுன்னா, அது என்ன ஓய்வு சொல்லுங்க...

உக்காருங்கம்மா. டம்ளரைக் கீழ வைங்க. நேத்து லாரியில சாமான் எறக்கினது நீங்கதானே? ஷபானாவா, நல்லது. நான் பரணிதரன், ரிடையர்டு வாத்தியார். பால் காய்ச்சி வெச்சிருக்கீங்களா? ஆறட்டும், ஆறட்டும். சூட்டுல உறை ஊத்தினா திரிஞ்சு போகும். என் வீட்டுக்காரம்மா ஜெகதா கோயிலுக்குப் போயிருக்கா. இப்பல்லாம் தினமும் போறா. இவ்வளவு பக்தி திடீர்னு எங்கேருந்து வந்ததுன்னு தெரியல.

போன வாரம் பால்கார காத்தவராயன் வாசல்ல நின்னுகிட்டு, "இன்னா வாத்தியாரே, பாலு வாணான்ட்டியாமே? தண்ணி கலக்குறேன்னு கோச்சிக்கினியா?"ங்கறான். இல்லப்பா, மருமக வரப் போறான்னேன். "மருமவ வந்தா கூட ஒரு லிட்டர் வாங்குவாங்க, நீ இன்னா நிறுத்திகினுகீற?"ன்னான். அந்தக் கேள்வியில உங்களால தப்புக் கண்டுபிடிக்க முடியுமா? என்னால முடியல.

எல்லாம் அந்த லண்டன்ல வந்த வினை. சுனாமிக்கு மறு வருஷம் எங்க பையன் சீனு கூப்பிட்டான்னு போனோம். போன நாள்லேருந்து எந்த ஓட்டல்லயும் நான் நிம்மதியா சாப்பிடல. சூப்புல எலும்பு போட்டீங்களா, கேக்குல முட்டை இருக்கா, வறுத்த எண்ணெய் எது... கேக்க வேண்டியதைக் கேக்கணுமில்லையா? சீனு சலிச்சுப் போயி, "அப்பா, ஒரு எடம் இருக்கு, அங்க நீங்க ஒரு கேள்வியும் கேக்க வேணாம்"னு கூட்டிட்டுப் போனான்.

கால்வாய் ஓரத்துல சின்னக் கடை. ஒரு நாற்காலிக்கும் இன்னொரு நாற்காலிக்கும் சம்பந்தமில்ல. விலைப்பட்டியல கரும்பலகையில எழுதியிருந்தாங்க, அத எழுதின கைக்கு நேர்க்கோடுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரல. கறி, மீன், முட்டை கிடையாது. அதோட பால், தயிர், தேன்கூட கிடையாது. கன்னுக்குட்டிக்கு உள்ளத நாம எடுக்கக் கூடாதாம். நியாயம்தான், மறுக்கல. ஆனா மோர் சாதம் இல்லாம ஒரு சாப்பாடு எப்படிம்மா முடியும்? கை கழுவுற வரைக்கும் இன்னும் ஏதோ வரப்போகுதுன்னே உக்காந்திருந்தேன்.

கடையை நடத்துற பொண்ணு ரெபேக்கா. சமைக்கிறதும் அவ, மேஜை துடைக்கிறதும் அவ. இவளைத்தான் கட்டிக்கப் போறேன்னு சீனு அங்க வெச்சுத்தான் சொன்னான். ருசியா? பயறும் சோறும், மேல கொஞ்சம் இலைதழை. ருசிச்சதுன்னு நான் ஒத்துகிட்டதை ஜெகதாகிட்ட சொல்லிடாதீங்க, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரப்புதான் பத்தல.

பத்தலைன்னா நான் சும்மா இருந்திருக்கணும். ஜெகதா பையில ஒரு டப்பா நிறைய மோர் மிளகாய் வறுத்து வெச்சிருந்தா. "எங்க வீட்டுப் பண்டம், சுத்த சைவம்"னு எடுத்து நீட்டினேன். அந்தப் பொண்ணு கடிச்சா. கண்ணுல தண்ணி, முகத்துல சிரிப்பு. "எல்லாருக்கும் குடுக்கட்டுமா?"ன்னா. தாராளமான்னேன். மேஜை மேஜையா போச்சு. தாடிக்காரர் ஒருத்தர் இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னுட்டு, இதை எப்படிச் செய்யறீங்கன்னார்.

வாத்தியார்கிட்ட கேள்வி கேட்டா? எழுந்து நின்னேன். "மிளகாயைக் கீறி, உப்புப் போட்டு, புளிச்ச தயிர்ல ராத்திரி ஊற வைக்கணும். பகல்ல வெயில்ல காய வைக்கணும். திரும்ப அதே தயிர்ல..." ஒவ்வொரு தயிருக்கும் ஒரு முள்கரண்டி கீழ எறங்குது. சீனு என் சட்டையை இழுக்கறான். "சந்தேகமெல்லாம் கடைசியில"ன்னுட்டு நான் நடத்திகிட்டே இருக்கேன்.

அந்தப் பொண்ணு கோபப்படலம்மா. அதைத்தான் என்னால தாங்க முடியல. நான் பண்ணின காரியத்துக்கு அவ ஒவ்வொரு மேஜையா போயி மன்னிப்புக் கேட்டா. தாடிக்காரர் பாதித் தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டார். சீனு முகத்தைப் பாத்தேன். இனிமே இந்தக் கல்யாணம் எங்க நடக்கப் போகுதுன்னு அதுல எழுதியிருந்தது.

ஜெகதாவா? அவமேல பழி போடாதீங்க. இந்த வீட்டுச் சட்டம் அவ போட்டதில்ல. அன்னிக்கு அந்தப் பொண்ணு கையைப் புடிச்சுகிட்டு, எல்லார் எதிர்லயும் சொன்னவன் நான்: "மகாபலிபுரத்துக்கு வாம்மா. என் வீட்டுல ஒரு சொட்டுப் பால் இருக்காது." மரியாதைக்குச் சொன்னேன்மா. நம்ம ஊர்ல வாங்கன்னு கூப்பிட்டா, வர்றேன்னு தலையாட்டுவாங்க, வர மாட்டாங்க. அவ வர்றேன்னா, வர்றா. அடுத்த வெள்ளிக்கிழமை. ஒரு மாசம் தங்கி ஜெகதாகிட்ட சமையல் கத்துக்கப் போறாளாம்.

இப்பவே எதுக்குன்னு பாக்கறீங்க. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற பையனை நான் என்னிக்குமே மதிச்சதில்ல. பாத்திரத்துல பால் வாசனை போகணும், எனக்கும் வாய் தவறி மோர் எங்கன்னு வரக் கூடாது. ஒருதரம் கெடுத்தவன் மறுபடியும் கெடுத்துடக் கூடாதில்லையா? சீனுவுக்கும் வயசு ஏறுது.

எழுந்துட்டீங்களே. ஆமா, பால் ஆறியிருக்கும். எதிர்த்த வீட்டுப் பவானிகிட்ட கேளுங்க, உறைமோர் தருவாங்க. ஒரு நிமிஷம்மா... நாளைக்கு உங்க தயிர் உறைஞ்சதும், பின்பக்கச் சுவர் மேல ஒரு கிண்ணம் மட்டும் வைங்க. எவர்சில்வர் வேணாம், சத்தம் கேக்கும். பவானிகிட்டயே நான் வாங்கிக்கலாமேங்கறீங்களா?

அது முடியாதும்மா. ஜெகதா தினமும் போற கோயில் அதுதான்.