தாழிட்ட கதவைத் திறந்த பட்வாரிக்கு

போர்ட் பிளேயர் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முத்திரை பதித்து, இன்று பணி நிறைவு பெறும் நிலக்கணக்குப் பட்வாரி, பண்பாளர், திருமிகு பக்தவத்சலம் அவர்களுக்கு அலுவலகத் தோழர்கள் அகமகிழ்ந்து அளிக்கும் மடல்.

சங்கிலி பிடித்து நிலம் அளந்து, சங்கடம் என்று வந்தவர்க்குச் சலிப்பின்றி வழி சொன்ன சான்றோரே! லாங் ஐலண்டில் அட்டைக்கடி வாங்கிய நாள் முதல் இந்நாள் வரை, படகு வந்தால் படகு, வராவிட்டால் நடை என்று தீவெல்லாம் திரிந்த திண்மையரே! தங்கள் புகழைத் தங்கள் முகம் பார்த்துச் சொன்னால் "அதெல்லாம் எதுக்குப்பா" என்று குறுக்கே விழுந்து நிறுத்திவிடுவீர்கள். ஆகவே சற்று நேரம் தங்களை விட்டுவிட்டுச் சபையோரைப் பார்த்துச் சொல்கிறோம். பொறுத்தருள வேண்டும்.

சபையோரே! பக்தவத்சலத்துக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதிய மையை ஊதி உலர்த்திய பிறகே பக்கத்தைப் புரட்டுவார். புதிதாய் வந்த எழுத்தர் எவராவது ஒரு சொல்லை அடித்துவிட்டால், அன்று முழுக்க மனிதர் முகங்கொடுத்துப் பேசமாட்டார். நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிப்பட்டவர் 2009ஆம் ஆண்டில் ஒரு வரியை அடித்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடலையே எழுதினோம்.

சுனாமிக்குப் பிறகு நம் ஊர் லம்பா லைன் பகுதிக்கு அப்பால் ஒரு மேட்டில் தகர ஷெல்டர்கள் வரிசையாக நின்றன. நாலரை ஆண்டுகள் அந்தத் தகரத்தில் வெந்த குடும்பங்களுக்கு ஒருவழியாக நிரந்தர வீடுகள் தயாராயின. வீட்டைக் கொடுக்குமுன் கடைசிச் சரிபார்ப்பு. ஷெல்டரில் குடியிருப்பவருக்கே வீடு. ஆள் இல்லாவிட்டால் அந்த வீடு காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். பக்தவத்சலம் ஒவ்வொரு கதவின் முன்பும் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் 'ஆள் இல்லை' என்று எழுதுவார்.

அந்த வரிசையில் இருந்தவர்களுள் ஒருவர் ஒச்சம்மா. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, கணவரையும் குடியிருந்த லயத்து வீட்டையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்தவர். பிறந்தது முதல் அவர் படுத்த கூரையெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம், அல்லது சர்க்காருக்குச் சொந்தம். வாழ்க்கையிலேயே முதன்முறையாக அவர் பெயருக்கு ஒரு வீடு வரவிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பன்றிக் காய்ச்சல் உலகையே ஆட்டிப் படைத்தது. ஒச்சம்மாவின் மகள் புஷ்பா சென்னையிலிருந்து கப்பலில் வந்து ஹேடோ துறைமுகத்தில் இறங்கும்போதே உடம்பு அனலாய்க் கொதித்தது. ஷெல்டரே நடுங்கிப்போனது. வரிசைக்குத் தலைவரான நாகலிங்கம் கெட்டவரல்லர், பயந்தவர். இங்கே காய்ச்சல் என்று வெளியே தெரிந்தால் எல்லோருக்கும் வீடு தள்ளிப்போகும் என்று அஞ்சி, ஏழு நாளைக்கு வெளியே வரக்கூடாதென்று சொல்லி, தாயையும் மகளையும் உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். வேளாவேளைக்குக் கஞ்சி மட்டும் ஜன்னல் வழியே போனது.

மூன்றாம் நாள் சரிபார்ப்பு வந்தது. பேய்மழை. தகரக் கூரையில் விழுந்த மழையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. பக்தவத்சலம் கதவைப் பார்த்தார். வெளித்தாழ்ப்பாள். வழக்கம்போல் மூன்று முறை கூப்பிட்டார். எழுதினார். ஊதினார். அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

வரிசையை முடித்துத் திரும்பும்போது அதே வீட்டு ஜன்னலில் ஒரு தூக்குவாளி தொங்குவதைக் கண்டார். தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குக் கஞ்சி என்று நாகலிங்கத்தைக் கேட்டார். உள்ளே காய்ச்சல் என்றார் அவர். பக்தவத்சலம் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளைத் தானே நீக்கினார். பாயில் புஷ்பா. பக்கத்தில் ஈரத்துணியும் கையுமாக ஒச்சம்மா.

"நீங்க மூணு வாட்டி கூப்ட்டது கேட்டுச்சுங்க ஐயா," என்றார் ஒச்சம்மா. "நானும் மூணு வாட்டி இருக்கேன்னு சொன்னேன்."

வாசலிலேயே பதிவேட்டைத் திறந்தார் நம் பட்வாரி. எழுதியதை அடித்து, 'குடும்பம் உள்ளே உள்ளது. நோயால் வெளிவர இயலவில்லை. முன் பதிவு என் பிழை' என்று எழுதி, ஒச்சம்மா பார்க்கக் கையொப்பமிட்டார். அங்கிருந்து நேரே போய் டாக்டரை அழைத்துவந்தார்.

அதோடு விட்டதா? பதிவை ஏன் மாற்றினாய் என்று மெமோ வந்தது. காய்ச்சல் வீட்டாரைப் புதுக் குடியிருப்பில் சேர்க்காதே என்று மனுவும் வந்தது. மாற்றிய பதிவைத் திரும்பப் பெற்றால் மெமோ கிழிபடும் என்று மேலதிகாரி ஜாடையாகச் சொன்னார். எதிரில் நின்ற பக்தவத்சலம் சொன்னது அறைக்கு வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"காய்ச்சல் ஒரு வாரத்துல போயிரும் சார். அந்தம்மாவுக்கு வீடு போனா, திரும்ப யாரு குடுப்பா?"

டாக்டர் எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பிய சளி சாம்பிளின் முடிவு வருவதற்குள் புஷ்பா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். ஒச்சம்மா பெயரிலேயே வீடு கிடைத்தது. நாகலிங்கமே தலைச்சுமையாய்ச் சாமான்களை ஏற்றி இறக்கினார். பக்தவத்சலத்துக்கு மட்டும் பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

ஐயா, இனி தங்களிடமே பேசுகிறோம். தங்கள் கால்கள் வலியறியாதிருக்கட்டும். கண்கள் ஒளி குன்றாதிருக்கட்டும். தங்கள் துணைவியாரும் தாங்களும் பேரர் பேத்தியரோடு நூறாண்டு நிறைவாக வாழ்க, வாழ்க!

வாழ்த்தோடு ஒரு செய்தியும் உண்டு. இவ்விழாவுக்கு அழைக்க ஒச்சம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தாங்கள் அரசுக் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் இன்னும் கிடைக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"எங்க வீட்ல ஒரு ரூம் காலியாத்தானே கெடக்கு. ஐயாவும் அம்மாவும் வந்து இருக்கட்டும். கப்பல் கெடைக்கிற வரைக்கும் இருக்கட்டும். கெடைக்கலேன்னாலும் இருக்கட்டும்."

கடைசி வரிசையில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சம் நிறைந்த நன்றியுடன்,
வருவாய்த் துறை அலுவலகப் பணியாளர்கள்,
போர்ட் பிளேயர், 31 ஜூலை 2013